ஆட்டத்துக்குத் தனி டிரைவ் வேண்டும்!

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது.

அப்பா அதில் கடைக் கணக்கை எழுதி வைக்கிறார். அக்காள் கல்லூரிப் பாடம் படிக்கிறாள். அம்மாவின் சொத்து எது? சித்தி கலியாணப் படங்களும், பிள்ளைகள் குழந்தையாக இருந்தபோது எடுத்த படங்களும்!

தம்பிக்கு? ஆட்டம்!

கார் ஓட்டும் ஆட்டம், பந்தாட்டம், துப்பாக்கி ஆட்டம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்திருக்கிறான்.

ஒரு நாள் கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கிறது. "சி டிரைவில் இடம் இல்லை" என்று சிவப்புக் கோடு காட்டுகிறது. அடுத்த வாரம் எழுந்திருக்கவே மறுக்கிறது. ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

"ஃபார்மட் பண்ணிடலாமா?" என்று கடைக்காரர் கேட்கிறார்.

"பண்ணுங்க" என்கிறார் அப்பா. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வருகிறது. புதிது போல ஓடுகிறது. ஆட்டங்கள் இல்லை. கணக்கு இல்லை. கலியாணப் படங்களும் இல்லை!

பழி யார் மேல்? தம்பி மேல்!

"கண்ட ஆட்டத்தையும் போட்டுக் கெடுத்துட்டான்!"

தம்பி ஆடியது குற்றமா? இல்லை என்பதே நம் கருத்து. ஆட்டத்தை எந்த இடத்தில் வைத்தான் என்பதுதான் கேள்வி. அந்த இடத்தையும் அவன் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. கம்ப்யூட்டரே தேர்ந்தெடுத்துவிட்டது!

"சி" எங்கிருந்து வந்தது?

கம்ப்யூட்டரில் சரக்கு வைக்கும் இடத்துக்கு டிரைவ் என்று பெயர். முதல் டிரைவுக்கு "ஏ" என்றல்லவா பெயர் இருக்க வேண்டும்? "சி" எப்படி முதலில் வந்தது?

அது ஒரு பழைய கதை.

1981-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐ.பி.எம். கம்பெனி தன் பி.சி.யை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஃபிளாப்பி என்ற மெல்லிய தகட்டை முன்பக்கப் பொந்தில் நுழைத்து வேலை செய்வார்கள். முதல் பொந்து "ஏ". இரண்டாவது பொந்து "பி".

1983-ல் அதே கம்பெனி எக்ஸ்.டி. என்ற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அதற்குள் ஹார்ட் டிஸ்க் இருந்தது. அடுத்த எழுத்து "சி". அதுவே அதன் பெயராயிற்று.

அந்த ஹார்ட் டிஸ்கில் எவ்வளவு இடம்? 10 மெகாபைட்! இன்று செல்போனில் எடுக்கும் படம் மூன்று நான்கு போட்டால் நிரம்பிவிடும். அன்றைக்கு அது கடல்!

ஃபிளாப்பி போய்விட்டது. "ஏ"யும் "பி"யும் காலி நாற்காலிகள். "சி" மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த "சி"யில்தான் விண்டோஸ் குடியிருக்கிறது. விண்டோஸ் என்பது கம்ப்யூட்டரை எழுப்பி நடத்துகிற மூல புரோகிராம். இயங்குதளம் என்று தமிழில் சொல்கிறார்கள். மற்ற எந்தப் புரோகிராமை ஏற்றினாலும் அது நேராக "சி"க்குத்தான் போகும். "எங்கே வைக்க?" என்று சில புரோகிராம்கள் கேட்கும். நாம் படிக்காமல் "அடுத்து, அடுத்து" என்று அழுத்திவிடுகிறோம்.

ஆகவே எல்லாச் சரக்கும் ஒரே அறையில்!

150 ஜி.பி. ஆட்டம்

முன்பு இது தொல்லை தரவில்லை. ஆட்டங்கள் சிறியவை. 1993-ல் "டூம்" என்ற ஆட்டம் வந்தது. உலகமே அதை ஆடியது. அது ஒரு சில ஃபிளாப்பித் தகடுகளில் அடங்கிவிட்டது.

இன்று?

2019-ல் கம்ப்யூட்டருக்கு வந்த "ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2" என்ற குதிரை வீரர் ஆட்டத்துக்கு 150 ஜி.பி. இடம் வேண்டும். 2023-ல் வந்த "பால்டர்ஸ் கேட் 3" ஆட்டத்துக்கும் 150 ஜி.பி. வேண்டும். ஒரு ஜி.பி. என்பது ஏறக்குறைய 1,000 மெகாபைட். அந்த எக்ஸ்.டி. கம்ப்யூட்டர்கள் 15,000 சேர்ந்தால்தான் இப்படி ஓர் ஆட்டத்தைச் சுமக்க முடியும்!

காடு, மலை, குதிரையின் பிடரி மயிர் எல்லாம் நிஜம் போலத் தெரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெரிய பெரிய படங்கள். பேச்சு, பாட்டு, பின்னணி ஓசை. இடம் பிடிக்காமல் என்ன செய்யும்?

இனி ஒரு சின்னக் கணக்கு.

256 ஜி.பி. என்று சொல்லி ஒரு கம்ப்யூட்டரை விற்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் 238 என்று காட்டுகிறது! ஏமாற்றா? இல்லை. டிரைவ் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. பெரிய படியால் அளந்தால் எண்ணிக்கை குறையும் அல்லவா?

சரி, 238. விண்டோஸும் மற்ற புரோகிராம்களும் சேர்ந்து 50 எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். மீதி 188. அதில் 150 ஜி.பி. ஆட்டம் ஒன்று. மீதி 38.

அவ்வளவுதான். இனி அப்பாவின் கணக்குக்கும், அக்காளின் பாடத்துக்கும், அம்மாவின் படங்களுக்கும் இந்த 38 ஜி.பி.தான்!

நிரம்பினால் என்ன?

"நிரம்பட்டுமே. நிரப்பத்தானே இடம்?" என்று கேட்கலாம்.

சமையல் அறையை நினைத்துப் பாருங்கள். அரிசி மூட்டை, விறகு, பழைய சாமான் எல்லாவற்றையும் கூரை வரை அடுக்கிவிட்டால் காய் நறுக்க எங்கே உட்காருவது? விண்டோஸுக்கும் நறுக்க, அரைக்க, வைத்து எடுக்க இடம் வேண்டும்.

ஒரு வேலை நடக்கும்போது தற்காலிகமாகச் சில குறிப்புகளை அது எழுதி வைக்கும். நினைவகம் போதாதபோது அதில் உள்ளதைச் "சி"யில் இறக்கி வைத்து, பிறகு எடுத்துக்கொள்ளும். புதுத் திருத்தங்கள் இணையத்தில் வரும்போது அவற்றை இறக்கி, பிரித்து, மாட்ட வேண்டும். இதற்காகவே 2019 முதல் விண்டோஸ் சுமார் 7 ஜி.பி. இடத்தைத் துண்டு போட்டுப் பிடித்து வைக்கிறது. பல நேரங்களில் அதுவும் போதுவதில்லை.

இடம் இல்லையென்றால் திருத்தம் ஏறாது. திருடர்களுக்குத் திறந்த ஜன்னலை அடைப்பதுதான் பாதித் திருத்தங்களின் வேலை. அவை ஏறாவிட்டால் ஜன்னல் திறந்தே கிடக்கும். பாங்கிக் கணக்கையும் அதே கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறோம்!

இன்னொன்று. இப்போது வரும் டிரைவுகள் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. வகை. ஏற்கெனவே எழுதிய பகுதியின் மேலேயே அவை நேராக எழுத முடியாது. முதலில் அழித்துவிட்டுத்தான் எழுதவேண்டும். காலி இடம் இருந்தால் அந்த வேலையை ஓய்வு நேரத்தில் செய்து வைத்துக்கொள்ளும். கழுத்து வரை நிரம்பிவிட்டால் எழுதும்போதே இடத்தைத் தேட வேண்டும். வேகம் விழுந்துவிடும். பத்தில் ஒன்றிரண்டு பங்காவது காலியாக விடுவது நல்லது.

இந்த நெருக்கடியைக் கொண்டுவருவது எது? கணக்குப் புத்தகம் அல்ல. நாலு ஆட்டம்! ஆகவே ஆட்டத்தை "சி"யிலிருந்து கிளப்பி, வேறு டிரைவில் குடிவைக்க வேண்டும்.

வேகம் கூடுமா?

"தனி டிரைவில் வைத்தால் ஆட்டம் பறக்கும்" என்று சிலர் சொல்வார்கள். இது பாதி உண்மை. அதுவும் பழைய உண்மை!

பழைய ஹார்ட் டிஸ்கினுள் தட்டுகள் சுழலும். நிமிஷத்துக்கு 7,200 சுற்று. வினாடிக்கு 120! தட்டின் மேல் ஒரு முள் போய்ப் போய்ப் படிக்கும். விண்டோஸ் ஒரு மூலையில் ஏதோ கேட்கும். ஆட்டம் வேறு மூலையில் கேட்கும். முள் இங்கும் அங்கும் ஓடவேண்டும். கலியாணப் பந்தியில் ஒரே ஆள் இரண்டு வரிசைக்கும் சாம்பார் ஊற்றுவதுபோல! இரண்டு டிஸ்க் இருந்தால் இரண்டு ஆள். அப்போது வேகம் கூடியது உண்மை.

எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. சில்லுகள்தான். எந்த மூலையையும் உடனே தொடும். ஆகவே ஒரு நல்ல எஸ்.எஸ்.டி.யிலிருந்து இன்னொரு நல்ல எஸ்.எஸ்.டி.க்கு ஆட்டத்தை மாற்றினால் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. கிடைக்கும் லாபம் இடமும் பாதுகாப்பும்தான். வேகத்தைச் சொல்லி யாராவது உங்களிடம் காசு கறக்கப் பார்த்தால் ஏமாறவேண்டாம்.

ஒரு ஆட்டத்தின் பருமன்

இந்த முள் ஓடுகிற சங்கதியால் ஒரு வேடிக்கை நடந்தது. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சுவீடன் நாட்டில் ஆரோஹெட் என்ற கம்பெனி இருக்கிறது. 2024 பிப்ரவரியில் அது "ஹெல்டைவர்ஸ் 2" என்ற ஆட்டத்தை வெளியிட்டது. கம்ப்யூட்டரில் அது ஊதி ஊதி 150 ஜி.பி.யைத் தாண்டிவிட்டது. அதே ஆட்டம் சோனியின் பிளேஸ்டேஷன் பெட்டியில் அதைவிட மிகச் சிறிய இடத்தில் அடங்கியிருந்தது!

காரணம் என்ன?

ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்காக! முள் தேடித் தேடி ஓடக்கூடாது என்று ஒரே படத்தைப் பல இடங்களில் நகல் எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு மரத்தின் படம் பத்து இடத்தில் தேவை என்றால் பத்து நகல். முள் எங்கே நின்றாலும் பக்கத்திலேயே மரம்!

ஆடுகிறவர்கள் கூச்சல் போட்டார்கள். கம்பெனி சோதித்துப் பார்த்தது. ஹார்ட் டிஸ்கில் ஆடுகிறவர்கள் ஏறக்குறைய 100-க்கு 11 பேர்தான் என்று தெரிந்தது. நகல்களை எடுத்துவிட்டால் அவர்களுக்கும் பெரிய நஷ்டம் இல்லை, சில வினாடிதான் கூடும் என்றும் தெரிந்தது. ஆட்டம் தொடங்கத் தாமதம் ஆவது நிலப்பரப்பை உருவாக்கும் வேலையால்தானாம். படத்தைத் தேடுவதால் அல்லவாம்!

2025 டிசம்பரில் நகல்களை நீக்கிய புதுப் பதிப்பு வந்தது. அதன் அளவு எவ்வளவு தெரியுமா? சுமார் 23 ஜி.பி.!

ஒரு கம்பெனி சோதித்துப் பார்த்ததும் 130 ஜி.பி. மிச்சம்! சோதிக்காத கம்பெனிகள் எத்தனை? இதைத்தான் நாம் கேட்கிறோம். இடத்துக்குக் காசு கொடுப்பவர் ஆட்டத்தை வாங்கியவர். ஊதிப் போன ஆட்டத்தை இளைக்க வைக்கும் பொறுப்பு செய்தவருடையது. தம்பியைத் திட்டுவதற்கு முன்னால் அவர்களைத் திட்டலாம்.

தட்டி வேறு, வீடு வேறு

"எங்கள் கம்ப்யூட்டரில் 'டி' டிரைவ் இருக்கிறதே!" என்று சிலர் சொல்லலாம்.

நல்லது. ஆனால் ஒன்று பாருங்கள். அந்த "டி" தனி டிரைவா? அல்லது ஒரே டிரைவை நடுவில் தட்டி வைத்து இரண்டாக்கினதா?

பெரும்பாலும் தட்டிதான்! இதற்குப் பார்ட்டிஷன் என்று பெயர்.

தட்டியால் லாபம் இல்லாமல் இல்லை. விண்டோஸ் கெட்டால் "சி"யை மட்டும் அழித்துப் புதிதாகப் போடலாம். "டி"யில் உள்ளது தப்பும். ஆனால் டிரைவே செத்துப்போனால்? தட்டிக்கு இந்தப் பக்கமும் போயிற்று, அந்தப் பக்கமும் போயிற்று. வீடு எரியும்போது தட்டி தடுக்குமா?

தட்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு. "சி"க்குச் சின்னப் பங்கு கொடுத்துவிட்டால் பிற்பாடு விரிப்பது கடினம். ஆகவே ஒரே டிரைவைக் கூறு போடுவதைவிட இரண்டாவது டிரைவ் மாட்டுவதே மேல்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, "சி-யை மட்டும் அழியுங்கள். மற்றதைத் தொடாதீர்கள்" என்று வாயால் சொல்லுங்கள். ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுங்கள். "ஃபார்மட் பண்ணலாமா?" என்று கேட்கிற கடைக்காரர், "உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். நகல் இருக்கிறதா?" என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். இது சட்டம் போட்டுச் செய்ய வேண்டிய காரியம் அல்ல. ஒரு கேள்வி. அரை நிமிஷம்.

தம்பிக்கு என்ன லாபம்?

ஆட்டம் தனி டிரைவில் இருந்தால் விண்டோஸை மாற்றிப் போட்டாலும் ஆட்டம் இருக்கும்.

"ஸ்டீம்" என்று ஒரு கடை இருக்கிறது. 2003 முதல் இணையத்தில் நடக்கிறது. கம்ப்யூட்டர் ஆட்டங்களை விற்கும் பெரிய கடை அதுதான். ஆட்டங்களை எந்த டிரைவில் வைக்க வேண்டும் என்று அதில் நாமே சொல்லலாம். செட்டிங்ஸ் பகுதிக்குள் போய் "ஸ்டோரேஜ்" என்பதைத் திறந்தால் புது டிரைவைச் சேர்க்கலாம். ஏற்கெனவே "சி"யில் இருக்கும் ஆட்டத்தையும் அங்கிருந்தே புது டிரைவுக்கு நகர்த்தலாம். நாமாக ஃபோல்டரைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் ஆட்டம் எங்கே போயிற்று என்று ஸ்டீமுக்குத் தெரியாமல் போகும். அதன் கையாலேயே நகர்த்த வேண்டும்.

பிறகு ஒரு நாள் விண்டோஸைப் புதிதாகப் போடுகிறீர்கள். ஸ்டீமையும் மறுபடி ஏற்றுகிறீர்கள். அந்த டிரைவைக் காட்டினால் "ஓ, இங்கே இருக்கிறதா!" என்று அது பழைய ஆட்டங்களை அடையாளம் கண்டுகொள்ளும்.

இல்லாவிட்டால் 150 ஜி.பி.யையும் மறுபடி இணையத்தில் இறக்க வேண்டும். வினாடிக்கு 50 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு தடங்கல் இல்லாமல் ஓடினாலும் 6 மணி 40 நிமிஷம் ஆகும்! அதுவரை அக்காள் பாடம் பார்க்க முடியுமா?

இங்கே தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. ஆட்டம் தனி டிரைவுக்குப் போனாலும், ஆடி ஜெயித்த கணக்கு பல சமயம் "சி"யிலேயே எழுதப்படுகிறது. டாகுமென்ட்ஸ் ஃபோல்டரிலோ, ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரிலோ இருக்கும். 90 மணி நேரம் ஆடி ஏறிய உயரம் எல்லாம் அங்கேதான்! பல ஆட்டங்களுக்கு ஸ்டீம் அதை இணையத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறது. எல்லா ஆட்டத்துக்கும் இல்லை. ஃபார்மட்டுக்கு முன்னால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதை வாங்குவது?

புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் ஒரு கேள்வி கேளுங்கள். "இன்னொரு டிரைவ் மாட்ட உள்ளே இடம் இருக்கிறதா?" மேஜைக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் இருக்கும். லேப்டாப்பில் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. பெட்டியின் மேல் ஒட்டிய பளபளப்புச் சீட்டில் இதை எழுதமாட்டார்கள்.

2025 பிற்பகுதியில் மெமரி சில்லுகளின் விலை ஏறியது. எஸ்.எஸ்.டி. விலையும் கூடவே ஏறியது. கையைக் கடிக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. பழைய ஆட்டங்களுக்கு ஹார்ட் டிஸ்கே போதும். ஜி.பி. கணக்கில் பார்த்தால் அதுதான் மலிவு. ஆனால் 2023-ல் வந்த "ஸ்டார்ஃபீல்ட்" போன்ற ஆட்டங்கள் எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்கின்றன. வாங்குமுன் ஆட்டத்தின் தேவைப் பட்டியலைத் தம்பியே வாசித்துக் காட்டட்டும்.

படங்களுக்கும் கணக்குக்கும் இது போதாது. அவற்றுக்கு இரண்டு பிரதி வேண்டும். கம்ப்யூட்டருக்குள் ஒன்று, அதற்கு வெளியே ஒன்று. ஆட்டம் போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். சித்தி கலியாணத்தை மறுபடி நடத்த முடியாது!

லேப்டாப்பில் உள்ளே இடம் இல்லாதவர்கள் யு.எஸ்.பி. கம்பியில் மாட்டும் வெளி எஸ்.எஸ்.டி. வாங்கலாம். ஆட்டம் அதிலிருந்தே ஓடும். பென் டிரைவில் வைக்கப் பார்க்காதீர்கள். சின்னச் சின்னத் துண்டுகளாகப் படிக்கும்போது அது திணறும், சூடேறும். ஆட்டம் நடக்கும்போது கம்பியைப் பிடுங்கவும் கூடாது.

வெளி டிரைவில் ஒரு சின்னச் சிக்கல் வரும். இன்று மாட்டினால் "ஈ" என்று காட்டும். வேறொரு பென் டிரைவ் முன்னாலேயே அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டால் நாளை "எஃப்" ஆகிவிடும். ஸ்டீம் பழைய எழுத்திலேயே தேடிவிட்டு "ஆட்டம் இல்லை" என்று சொல்லும். பயப்பட வேண்டாம், ஆட்டம் அழியவில்லை. விண்டோஸில் "டிஸ்க் மேனேஜ்மென்ட்" என்ற பகுதியைத் திறந்து, அந்த டிரைவுக்குப் பின்வரிசை எழுத்து ஒன்றை, "ஜி" என்றோ "எக்ஸ்" என்றோ, ஒரு தடவை கொடுத்துவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் அதே எழுத்திலேயே வரும்.